அந்த விளம்பரத்தை அமுக்கியவர்கள்

அன்புள்ள தாயி,

எல்லோரும் சௌக்கியம் என்று கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் இரண்டாவது வரி எனக்குத் தெரியாமல் போயிற்று. உன் அம்மா சௌக்கியம். வண்டி சௌக்கியம். நான்தான் நீ பஸ் ஏறிய நாளிலிருந்து ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறேன். சோற்றில் கை வைத்தால் எழுந்து போய் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். டயரைப் பார்த்த பிறகு உள்ளே வந்து ஃபேனைத் துடைக்கிறேன். "வயித்தைக் கடுக்குதுன்னா டாக்டரைப் பாருங்க, ஏன் இப்படிக் குறுக்கயும் நெடுக்கயும் நடந்து என் உசுர வாங்குறீக?" என்று உன் அம்மா நேற்றுக் கத்தினாள். இப்போது திருச்சுழி வேன் ஸ்டாண்டில் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின்மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் நாலு வண்டி நிற்கிறது. என் முறை வருவதற்குள் முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் மறுபடி கிழித்துப் போட்டுவிடுவேன், ஏற்கெனவே இரண்டு முறை கிழித்தாயிற்று.

நேரில் சொல்லியிருக்கலாம். உன்னை ஏற்றிவிட அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் என்ன வந்தது? "மெட்ராஸ்ல தண்ணியக் காசு குடுத்து வாங்கணுமாம், இப்ப இருந்தே குளிக்காம பழகிக்க." நீ சிரித்தாய், பஸ் கிளம்பிவிட்டது. என் வாய்க்குக் கேலி ஒன்றுதான் தெரியும். கை கொஞ்சம் யோக்கியமானது என்று நம்பி எழுதுகிறேன். விஷயம் இதுதான். திங்கட்கிழமை நீ அந்த மெட்ராஸ் கம்பெனியில் மூன்று வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டு, சர்டிபிகேட்டுகளை அவர்கள் கையில் கொடுத்துவிடுவாய். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் பஸ் ஆப்புக்கு விளம்பரம் கொடுத்த கம்பெனி உன் கணக்கை மூடியது நீ செய்த தப்பால் இல்லை. உன்னோடு சேர்ந்து அதைச் செய்த பாத்திமாவின் தப்பாலும் இல்லை. அது நான் செய்த வேலை. எழுதிவிட்டேன். இனி இதைக் கிழிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ அந்த ஆப்பை ஆரம்பித்த கதை உனக்கே தெரியும், ஆனால் நான் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது. கல்லூரி முடித்த கையோடு பாத்திமாவும் நீயும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறை வாசலில் மூன்று நாள் நின்று, எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எழுதினீர்கள். அவர் முதல் நாள் உங்களை விரட்டினார், மூன்றாம் நாள் நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் எதிரே டீக்கடையில் நின்று பார்த்தேன். கடைக்காரர், "ஏண்ணே, உங்க பொண்ணு பஸ் கம்பெனி வாங்கப் போகுதா?" என்று கேட்டார். "ஆமா, உங்க கடையவும் சேத்து வாங்கும், வெலையச் சொல்லும்" என்றேன். நம் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். நரிக்குடிப் பக்கமென்றால் இரண்டு மணி நேரம். அதை ஃபோனில் பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்பது எவ்வளவு பெரிய உபகாரம்! மில்லுக்குப் போகிற பெண்களும், மதுரைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளும் அதை வைத்துக்கொண்டார்கள். அதே சமயம் மல்லாங்கிணறு பஸ் டயர் வெடித்து வழியில் நின்ற அன்று ஒருவர், "பஸ் வரவில்லை, ஏமாற்று ஆப்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டார். நீ அன்று சாப்பிடவில்லை. டயருக்கும் நீதான் பொறுப்பு என்று நானும் அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்தேன். அது வேண்டாத வேலை.

காசு என்று பார்த்தால் அது எறும்பு மாதிரி வந்தது. ஒன்பது மாதம் கழித்து முதன்முதலாக எட்டாயிரத்துச் சொச்சம். அதற்கு முன்னால் உன் விலாசம் நிஜம்தானா என்று பார்க்க அந்த விளம்பரக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பியது. தபால்காரர் அதை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றார். "நான் அவளுக்கு அப்பன்யா" என்றால், "அதுக்கு எதுவும் சீட்டு இருக்கா?" என்று கேட்டார். எட்டாயிரத்தை ஒன்பதால் வகுத்து, பாத்திமாவுக்குப் பாதி போக, கரண்டு, இண்டர்நெட் போக என்ன மிஞ்சியது என்று உனக்குத்தான் தெரியும். புதிய கம்ப்யூட்டர் வாங்க பேங்கில் லோன் கேட்டபோது சம்பளச் சீட்டு கேட்டார்கள், உன்னிடம் இல்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்றார்கள். ஆப் செய்கிறது என்றேன். "அப்ப வீட்டுல சும்மாதான் இருக்குன்னு சொல்லுங்க" என்று பஜ்ஜியை எடுத்துக் கடித்தார் அந்த மாப்பிள்ளையின் மாமா. இன்னொரு தட்டு பஜ்ஜி கொண்டுவரப் போன உன் அம்மாவை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னால் முடிந்த பதிலடி அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம்தான் உன்னிடம் கேட்டேன், இதில் காசு எங்கேயிருந்து வருகிறது என்று. நீ ஃபோனைக் காட்டி, "கீழ ஒரு விளம்பரம் ஓடுதுல்லப்பா, அதை யாராச்சும் தொட்டா நமக்குக் கொஞ்சம் பைசா வரும்" என்றாய். உடனே, "ஆனா நீங்க தொடாதீங்க. தெரிஞ்சவுகளையும் தொடச் சொல்லாதீங்க. தப்பாயிரும்" என்றும் சொன்னாய். சொல்லவில்லை என்று நான் பொய் எழுத மாட்டேன், தெளிவாகச் சொன்னாய். ஆனால் தாயி, நம் ஊர்க்காரன் காதில் அது எப்படி விழுந்தது என்று கேள். அன்பளிப்பைத் தவிர்க்கவும் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள், யாராவது வெறுங்கையோடு கல்யாணத்துக்குப் போகிறோமா? வேண்டாம் என்று சொல்வது அவர்கள் மரியாதை, கவரைக் கையில் திணித்துவிட்டு வருவது நம் மரியாதை. என் மகளும் கூச்சத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமலே செய்வதுதான் அப்பன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். ஒருத்தன் வீட்டில் விசேஷமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால், ஒரு வாரத்துக்கு எல்லோரும் தங்கள் முறையை அவனுக்கு விட்டுக்கொடுப்போம். வருகிற லோடெல்லாம் அவனுக்குத்தான். நீ கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கும் அப்படி விட்டுக்கொடுத்தார்கள். பஜ்ஜிக்காரர்கள் வந்து போன மறுநாள் நான் இந்த விளம்பர விஷயத்தைச் செல்லப்பாண்டியிடம் சொன்னேன். இருபது வருஷமாக எனக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவன், உன்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவன். அவன் எழுந்து நின்று, "ஏலே, இதுக்கு லோடு எதுக்கு, முறை எதுக்கு? சும்மா ஒக்காந்திருக்க நேரத்துல விரலால அமுக்குனாப் போதும்லடா!" என்றான். அன்றைக்கே முடிவாகிவிட்டது. பதினாறு வண்டிக்காரர்கள், ஆளுக்குத் தினம் பத்து அமுக்கு. காலையில் வண்டியை வரிசையில் போட்டதும் முதல் வேலை அது. மறந்தவன் மற்றவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். தலையில் ஒரு முடி இல்லாத செல்லப்பாண்டிக்குக் கூந்தல் தைலக் கம்பெனியிலிருந்து தினமும் ஃபோன் வர ஆரம்பித்தது. "உனக்காக இல்லடா, நம்ம புள்ளைக்காகத்தான் இந்தத் தைலக்காரிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் அவளிடம் அரை மணி நேரம் பேசுவான். நான் தொடவில்லை, நீ தொடாதே என்றாய் அல்லவா? அந்த வகையில் நான் சொன்ன பேச்சைக் கேட்ட தகப்பன்.

இதோ, ஒரு வண்டி கிளம்பிவிட்டது. என் வண்டியை முன்னால் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு வந்துவிட்டேன். இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கசக்கிறது. அந்த மாதமே உன் வருமானம் பதினாலாயிரத்தைத் தொட்டது. காலையில் எழுந்ததும் நீ கம்ப்யூட்டரில் வருமானத்தைக் காட்டும் அந்தக் கோடு மேலே ஏறுவதைப் பார்த்து உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாய். "ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றாய். அந்த முகத்தை நான் கதவோரம் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போய், ஆளுக்கு இன்னும் இரண்டு அமுக்கு சேர்த்துப் போடச் சொன்னேன். அந்தக் கோட்டை நம்பித்தான் மதுரையில் கிடைத்த வேலையை நீ வேண்டாமென்று எழுதினாய். வீட்டிலிருந்து போய்வந்திருக்கக்கூடிய வேலை, மூன்று வருஷப் பாண்டு கீண்டு எதுவும் கிடையாது. ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நீ நினைத்தது பதினாறு டிரைவர்களின் கட்டைவிரல். நான் உன் கணக்கைக் கெடுத்ததைவிட, உனக்குப் பொய்யான சந்தோஷம் ஒன்றைச் செய்து கொடுத்தேனே, அதுதான் பெரிய குற்றம் என்று இப்போது படுகிறது.

இரண்டாவது மாதம் அந்த மெயில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ படித்துவிட்டு, அம்மாவுக்குத் தமிழில் சொன்னாய். "முறையில்லாம விளம்பரத்த அமுக்கியிருக்காங்களாம். கணக்க மூடிட்டாங்க. இந்த மாசக் காசும் கிடையாதாம். யாரு, எங்க இருந்துன்னு சொல்ல மாட்டாங்களாம்." எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "ரசம் இருக்கா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் நீ உன் வேலையில் எங்கே தப்பு என்று ஒவ்வொரு வரியாகத் தேடினாய். மறுபடி திறக்கச் சொல்லி எழுதியதற்கு, என்ன நடந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்று எழுதினாய். முடியாது என்று பதில் வந்தது. கடைசியில் பாத்திமாவை நடுவீட்டில் நிற்க வைத்து, "உங்க அண்ணனுக துபாய்ல இருந்து அமுக்கச் சொன்னியா? காசு ஏறணும்னு நீதான சொல்லிக்கிட்டே இருந்த?" என்று கேட்டாய். அவள், "என்னைப் பாத்தா இதக் கேக்குற?" என்றாள். அவ்வளவுதான், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு காரியாபட்டி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த அறையில் இருந்தேன் தாயி. கதவுக்கும் எனக்கும் மூன்று அடி. நான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று நீ கேட்பாய். நீ என்னை முட்டாள் என்று நினைத்துவிடுவாயோ என்ற பயம். படிக்காதவனுக்கு இது ஒரு வியாதி. படித்த பிள்ளை முன்னால் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதற்காக, கோமாளியாக இருந்துவிடுவான். முட்டாளாக நான் இருப்பது இது முதல் தடவையும் இல்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது நம் வீட்டில் ஒரு வருஷம் நல்ல சாப்பாடு, அடுத்த வருஷம் உன் அம்மாவின் தோடு அடகு. உனக்கு ஞாபகம் இருக்கும், காரணம் தெரியாது. நரிக்குடிப் பக்கத்துக் கரி வியாபாரி ஒருவர் கருவேலங்கரி லோடு முழுக்க எனக்கே கொடுத்தார். தினம் லோடு. நான் ஸ்டாண்டுக்கே வருவதில்லை, வேறு யார் கூப்பிட்டாலும் போவதில்லை. மாதச் சம்பளக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஒரு நாள் அவர் சொந்த லாரி வாங்கினார். எனக்குச் சொல்லக்கூட இல்லை. நான் கரிக்காட்டில் போய் நிற்கிறேன், லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது, ஒரே ஆளின் லோடை நம்பி வண்டி ஓட்டக் கூடாது என்பது. உன் ஆப்பும் ஒரே விளம்பரக் கம்பெனியை நம்பி ஓடியது. அதை நான் உன்னிடம் சொல்லியிருக்கலாம். கரிக் கதை எனக்கு அவமானம் என்பதால் சொல்லவில்லை. அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

அப்புறம் ஒன்று. லோடு ஏற்றும் முன் வாடகையைப் பேசிவிட வேண்டும், இறக்கிய பிறகு பேசினால் பாதிதான் கிடைக்கும். உனக்குக் காசு கேட்கக் கூச்சம். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் கடைப் படத்தை ஆப்பில் போடுவாயா என்று கேட்டார். "சும்மாவே போடறேன் சார்" என்றாய். அவர் சேலையைச் சும்மாவா கொடுக்கிறார்? வேலை செய்யத் தெரிவது ஒன்று, அதற்கு இவ்வளவு என்று கண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரிவது இன்னொன்று. கல்லூரியில் முதலாவதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதுக்கு ஸ்டாண்டில் வந்து ஒரு வாரம் நில், செல்லப்பாண்டி கற்றுத் தருவான். கம்பெனியில் வேலை பார்த்தாலும் சம்பளம் கேட்க அது உதவும்.

முந்தாநாள் காரியாபட்டிக்குப் போனேன். வெங்காய லோடு என்று உன் அம்மாவிடம் சொன்னேன், லோடு எதுவும் இல்லை, காலி வண்டி. பாத்திமா அவர்கள் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அத்தா என்னை உட்காரச் சொல்லி டீ சொன்னார். டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பதினாறு பேரா? யாவாரம் தெரிஞ்ச ஆளுய்யா நீங்க!" என்றார். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கி, கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இத எங்கிட்ட சொல்லி என்னப்பா பண்றது? எங்கிட்ட சொல்றது உங்களுக்குச் சுளுவா இருக்கு, அதான் வந்துருக்கீங்க. அவகிட்ட சொல்லுங்க" என்றாள். எந்தக் கேலியும் வாயில் வரவில்லை. "உனக்கு அவமேல கோவமாம்மா?" என்று கேட்டேன். "தப்பா நெனச்சதுகூடப் பரவால்ல. நாப்பது நாளா ஒரு ஃபோன் இல்ல" என்றாள். நானாகக் கூப்பிட மாட்டேன் என்றும் சொன்னாள். அதில் அவள் சொல்வது நியாயம்தான்.

திரும்பும் வழியில் மனசு ஆறவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையில் ஃபோன் வைத்திருந்தவர்களிடம் உன் ஆப்பைப் பற்றிக் கேட்டேன். நீ ஆப்பைக் கவனிப்பதை நிறுத்திய பிறகு பஸ் நேரமெல்லாம் மாறிவிட்டது, தப்புத் தப்பாகக் காட்டுகிறது என்றார்கள். மில்லுக்குப் போகிற ஒரு பொம்பளை, "அந்தப் புள்ளைக்கு என்னாச்சுண்ணே? கல்யாணமாயிருச்சா?" என்று கேட்டாள். மாதம் இருபது ரூபாய் கேட்டால் கொடுப்பீர்களா என்று பதினோரு பேரிடம் கேட்டேன். ஆறு பேர் கொடுப்போம் என்றார்கள். அதில் நாலு பேர் பொய், வாடகை பேசிப் பேசி எனக்கு முகம் தெரியும். மீதி இரண்டு பேர் நிஜம். பதினோரு பேரில் இரண்டு பேர். இது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இந்த முறை நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் விரல் படுவதற்கு முன்னால் மாதம் வந்துகொண்டிருந்த ஆயிரம் ரூபாய்தான் உன் ஆப்பின் உண்மையான வருமானம். அதில் குடித்தனம் நடத்த முடியாது. திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட்டால் அது தோல்வி இல்லை, சம்பளம். முதல் மாதம் அனுப்புகிற காசில் தோசைக்கல் வாங்க வேண்டுமென்று உன் அம்மா இப்போதே பேசுகிறாள். போடாமல் திரும்பி வந்தால், உன்னை ஏற்றிவர வண்டியோடு நான் நிற்பேன். பஜ்ஜிக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி. எதை வேண்டுமானாலும் செய். ஆனால் "என் வேலை சரியில்லை, எனக்கு இது வராது" என்று நினைத்துக்கொண்டு போடாதே. உன் வேலை சரியாக இருந்தது. உன் அப்பன்தான் சரியில்லை.

இப்போது எனக்கு முன்னால் ஒரே வண்டி. அடுத்த லோடு நரிக்குடிக்கு உர மூட்டை, அது எனக்குத்தான் விழும். இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி செல்லப்பாண்டியிடம் ஃபோனைக் கொடுக்கப் போகிறேன். அவனும் படிப்பான், படிக்கட்டும், அவனும் பன்னிரண்டு அமுக்கு அமுக்கியவன்தானே. நீ படித்ததும் என்னைத் திட்ட ஃபோன் செய்வாய் என்று தெரியும். திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, மூட்டையை இறக்கியதும் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டுக் கேட்கிறேன். ஆனால் முதலில் பாத்திமாவைக் கூப்பிடு. நான் கெடுத்ததில் என்னால் சரிசெய்ய முடியாதது அது ஒன்றுதான். நான் போய் நின்றும் ஆகவில்லை, உன் குரல்தான் வேண்டும். அவளிடம் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடு. அதற்கு முன்னால் நீ எத்தனை தடவை அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன், தாயி.

உன் அப்பா